இருளில் மறைந்த மலை

கிழக்கிலங்கைக் கரையில் மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் ஊர்களின் மீனவர்க்கு இரவு புதியதன்று. கல்முனைக் கடலிலும் சாய்ந்தமருதுக் கடலிலும் நிலவில்லாத இரவில் தோணி செலுத்தும் ஒருவர், கரையில் தெரியும் ஒற்றை விளக்கை மட்டும் நம்பித் தோணியைத் திருப்புவதில்லை. அவ்விளக்கு பள்ளிவாசல் மினாராவின் விளக்காகவும் இருக்கலாம். தெருவோரக் கடையொன்றின் விளக்காகவும் இருக்கலாம். ஆகவே அவர் இரண்டாவது அடையாளமொன்றைத் தேடுவார்; விண்மீனைப் பார்ப்பார்; நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பார்; ஐயம் நீங்காவிடின் விடியும்வரை கடலிலேயே காத்திருப்பார். தான் இருக்கும் இடம் இன்னதென்று தெளிவாகத் தெரியாதவன் கரையை நெருங்கலாகாது என்பது அத்தொழிலின் முதற் பாடம்.

இந்த எளிய பாடத்தைத் தவறவிட்டால் எத்துணைப் பெரிய விலை கொடுக்க நேரும் என்பதை, 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் திகதி இரவு இலங்கையின் மலைநாடு கண்டது. அன்று மஸ்கெலியாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் ஓர் ஆகாய விமானம் மோதிற்று. அதிலிருந்த 191 பேரில் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் மிகுதியான உயிர்களைக் கொண்டது இதுவே.

மாண்டவருள் 182 பேர் பிரயாணிகள். அவர்கள் இந்தோனேசிய நாட்டு முஸ்லிம்கள். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டவர்கள். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறத்தாழ மூன்று வாரமே இருந்தது. கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் அத்தகைய நாட்களில் ஹாஜிமார்களை வழியனுப்பும் வீடுகளில் உறவினர் கூடுவர், கடன் தீர்ப்பர், பிழை பொறுக்க வேண்டுவர். ஜாவாத் தீவின் வீடுகளிலும் அதே வழியனுப்புதல் நடந்திருந்தது. முன்னாளில் ஜாவாவிலிருந்து மக்கமா நகர் செல்வோர் பல வாரங்கள் கப்பலில் இந்து சமுத்திரத்தைக் கடந்தனர். ஆகாய விமானம் அப்பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. அவ்வாறு சுருங்கிய வழியில் எரிபொருள் நிரப்பும் தங்குதுறையாக அமைந்தது கட்டுநாயக்க.

ஜாவாவுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அத்தீவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இலங்கை மலாய் முஸ்லிம்களுட் பலர். அம்பாறைக் கரையின் தெற்கே, அம்பாந்தோட்டையிலும் கிரிந்தையிலும் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். அதே ஜாவாவிலிருந்து, அதே ஒல்லாந்து நாட்டின் கம்பனியொன்றின் விமானத்திலேயே 1974ஆம் ஆண்டின் யாத்திரிகர்களும் வந்தனர். அது மார்ட்டின்ஏர் கம்பனிக்குரிய டி.சி. 8 என்னும் நான்கு யந்திர ஜெட் விமானம். இந்தோனேசிய நாட்டுக் கருடா விமான சேவையின் சார்பில் அது பறந்தது.

இலங்கை நேரப்படி மாலை ஐந்தரை மணியளவில் விமானம் சூரபாயாவை விட்டு எழுந்தது. அதன் பாதை சுமார் 2,100 கடல் மைல் நீளமுடையது. அதன் பெரும்பகுதி வெறுங்கடல். மேற்கு நோக்கி இருளிலேயே விமானம் சென்றது. நாலரை மணிக்கும் மேலாகப் பறந்த பின்னர் அது தென்கிழக்குத் திசையிலிருந்து இலங்கையை அணுகிற்று. கட்டுநாயக்க விமான நிலையத்துடன் வானொலித் தொடர்பு ஏற்பட்டது. விமானம் படிப்படியாகக் கீழிறங்க அனுமதி கிடைத்தது. ஈற்றில் 2,000 அடி வரை இறங்கலாம் என்றும் விமான நிலையம் கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அவ்வறிவித்தல் வரவேயில்லை. இரவு பத்து மணி கழிந்து சிறிது நேரத்தில் விமானத்தின் குரல் ஓய்ந்தது.

விமானம் மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,355 அடி உயரத்திலுள்ளது. கட்டுநாயக்கவிலிருந்து அது ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவு. இறங்கும் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்திற்கு அது பத்து நிமிடத் தூரமே. அந்தப் பத்து நிமிடம் கழித்து இறக்கத்தைத் தொடங்கியிருப்பின் விமானத்தின் கீழ் மலை இருந்திராது. தென்னந்தோப்புகளும் வயல்களும் கொண்ட மேல்மாகாணத்துத் தாழ்நிலமே இருந்திருக்கும். மலைச்சரிவில் சிதறிக் கிடந்தவற்றுள் மனித உடல்களைப் பிரித்தறிதலும் இயலாத காரியமாயிற்று. ஜித்தாவை நோக்கிப் புறப்பட்டவர்கள் இலங்கை மலையின் மண்ணிலேயே அடக்கமாயினர். நோட்டன் பிரிட்ஜில் அமைந்த நினைவுச் சின்னம் இன்றும் அவர்களை நினைவூட்டுகின்றது.

இத்தகைய துயரம் நேர்ந்தவுடன் ஒரு வினா எழும்: ஏன் இவ்வாறு நேர்ந்தது? அவ்வினாவுக்கு விடை தேடும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1944ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, விபத்து எந்த நாட்டில் நிகழ்ந்ததோ அந்த நாடே அதனை விசாரிக்க வேண்டும் என விதிக்கின்றது. விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு தன் பிரதிநிதிகளை அனுப்பவும் இடமளிக்கின்றது. அப்பிரிவை விரித்துரைக்கும் 13ஆம் இணைப்பு 1951ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே. பழியைச் சுமத்துவதன்று என்பது அவ்விணைப்பின் கொள்கை. இலங்கையிலும் 1950ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஆகாய வழிப் போக்குவரத்துச் சட்டம் இருந்தது.

விமானம் வீழ்ந்தது எனக் கேட்டவுடன் மக்கள் மனம் முதலில் நாடுவது யந்திரக் கோளாற்றையே. அவ்வெண்ணம் ஆதாரமற்றதுமன்று. பாரத நாட்டில் 1953ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்து இதற்குத் தக்க சான்றாகும். அக்காலத்தில் அந்நாட்டில் இரவுத் தபால் விமான சேவை ஒன்று நடைபெற்று வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாட்டின் நடுவிலுள்ள நாக்பூரில் ஒன்று கூடும். அங்கே தபால் மூட்டைகளையும் பிரயாணிகளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் நகரங்களுக்குத் திரும்பும். 1949ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய இச்சேவையால், மாலையில் சென்னையில் இட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்தது.

1953 டிசம்பர் 12ஆம் திகதி விடியுமுன்னர், நாக்பூரிலிருந்து சென்னை நோக்கி எழுந்த டகோட்டா விமானம் அத்தகைய ஒரு தபால் விமானமே. இரண்டு யந்திரங்கள் கொண்ட சிறிய விமானம் அது. 14 பேரே அதிலிருந்தனர். தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்திற்குள் இடப்புற யந்திரம் வலுவிழந்தது. தலைமை விமானி இருளில் அவசரமாகத் தரையிறங்க முயன்றார். விமானம் நிலைகுலைந்து தரையில் மோதித் தீப்பற்றியது. 13 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் அந்த விமானி ஒருவரே.

யந்திரம் நின்றது, விமானம் வீழ்ந்தது, ஆகவே யந்திரமே காரணம் என்று அங்கே விசாரணையை முடித்திருக்கலாம். ஆனால் விசாரணை செய்தோர் அத்துடன் நிற்கவில்லை. இரண்டு யந்திரங்களுள் ஒன்று நின்றாலும் மற்றொன்றின் துணையால் டகோட்டா விமானம் பறக்கக் கூடியது. அப்படியாயின் இடையில் நேர்ந்தது என்ன? யந்திரம் வலுவிழந்த பின்னர், அவசரத் தரையிறக்கத்தின்போது விமானம் சரியான வேகத்திலும் சரியான நிலையிலும் வைக்கப்படவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. யந்திரக் கோளாறு சங்கிலியின் முதற் கண்ணி. உயிர்களைக் கொண்டது அதன் கடைசிக் கண்ணி. இரண்டுக்கும் நடுவே நின்றது இருள்.

இருள் எவ்வாறு குறுக்கிடுகின்றது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. இரண்டு யந்திரங்களுள் ஒன்று நிற்பின் மற்றொன்றின் இழுப்பு விமானத்தை ஒருபுறமாகத் திருப்பும். நின்ற யந்திரத்தின் சுழலி காற்றில் வீணே சுழன்று பெருந்தடையாகும். பகலாயின் விமானி தொடுவானத்தைக் கண்டு விமானத்தின் சாய்வை உடனே உணர்வார். இரவில் தொடுவானம் இல்லை. மனிதனின் உட்செவியில் சமநிலையைக் காக்கும் உறுப்பு, கண்ணின் துணையின்றித் தனித்து நின்றால் எளிதில் ஏமாறும். விமானம் மெல்லச் சாயும்போது நேராகப் பறப்பதுபோல் தோன்றும். சாய்வை நிமிர்த்தும்போது மறுபுறம் சாய்வதுபோல் தோன்றும். உடல் சொல்வதை விடுத்துக் கருவி சொல்வதை நம்புவதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும்.

நாக்பூரில் தரையைக் காணாது கெட்டது யந்திரம் நின்ற விமானம். ஏழு கன்னியர் மலையில் தரையைக் காணாது கெட்டதோ யந்திரங்கள் இயங்கிக் கொண்டிருந்த விமானம். இந்த வேறுபாட்டை விசாரணையாளர் எவ்வாறு அறிகின்றனர்? சிதைந்து கிடக்கும் உலோகமே அவர்களிடம் சாட்சி சொல்கின்றது. சுழன்றுகொண்டிருந்த யந்திரத்தின் தகடுகள் மோதும்போது சுழற்சிக்கு எதிர்த்திசையில் வளைந்து முறியும். சுழலாது நின்ற யந்திரத்தின் தகடுகள் அவ்வாறு வளைவதில்லை. எச்சரிக்கை விளக்குகளின் சிறு குமிழ்களையும் அவர்கள் பெருக்குக் கண்ணாடியால் ஆராய்வர். எரிந்துகொண்டிருந்த விளக்கின் இழை சூடாக இருந்தமையால் மோதலில் நீண்டு தொய்யும்; அணைந்திருந்த விளக்கின் இழை குளிர்ந்திருந்தமையால் நீளாது நொறுங்கும். ஒரு பயற்றம் விதையளவு குமிழ், விமானி கடைசி விநாடியில் எவ்வெச்சரிக்கையைக் கண்டார் என்பதைச் சொல்லிவிடும்.

இனி, நல்ல நிலையிலிருந்த விமானம் மலையை நோக்கி ஏன் இறங்கிற்று என்பதே எஞ்சிய வினா. விசாரணையின் முடிவு சுருக்கமானது. விமானக் குழுவினர் தாம் பாதுகாப்பாக இறங்கத்தக்க இடத்தை அடைந்துவிட்டதாகக் கருதினர். விமான நிலையத்திற்கும் தமக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் பிழைபட அறிந்திருந்தனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் சார்ந்து நின்றமை அத்தகைய பிழைக்கு இடமளித்தது. இவ்வளவே அம்முடிவின் சாரம்.

டொப்ளர் என்பது அக்காலத்து நெடுந்தூர விமானங்களில் வழிகாட்டியாக விளங்கிய கருவி. அது விமானத்திலிருந்து கீழ்நோக்கி வானொலிக் கதிர்களைச் செலுத்தும். தரையிலோ கடலிலோ பட்டுத் திரும்பும் கதிர்களின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, விமானம் தரைக்கு மேலாக எவ்வேகத்தில் செல்கின்றது, காற்று எப்பக்கம் தள்ளுகின்றது என்பவற்றைக் கணிக்கும். புறப்பட்ட இடம் தெரிந்திருப்பின், வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கூட்டிக் கணக்கிட்டு, இப்போது எங்கே இருக்கின்றோம் எனக் காட்டும். ஆயின் அதற்கு ஒரு குறை உண்டு. அமைதியான கடற்பரப்பு கண்ணாடி போன்றது. அதில் படும் கதிர்கள் வேறு பக்கம் சிதறிப் போகும். மேலும், சிறு பிழை ஒவ்வொரு மைலிலும் சேர்ந்து சேர்ந்து வளரும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். சூரபாயாவிலிருந்து கட்டுநாயக்க வரையுள்ள 2,100 கடல் மைலில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை நேர்ந்தால், பயணத்தின் முடிவில் அது 42 கடல் மைலாகும். மலைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலிருந்த தூரமும் ஏறத்தாழ அதுவே. நூறு ரூபாய் கணக்கில் இரண்டு ரூபாய் பிசகினால் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். வான்வழிக் கணக்கில் அதே பிசகு 191 உயிர்களுக்குச் சமமாகக் கூடும். இக்கணக்கு நேர்ந்ததை அப்படியே சொல்வதன்று. நேரக்கூடியதன் அளவைக் காட்டுவது.

ஆகையால் நீண்ட கடற்பயணத்தின் ஈற்றில் டொப்ளர் காட்டும் இடத்தை வேறொரு சான்றுடன் ஒப்புநோக்க வேண்டும். வானிலை ரேடார் அத்தகைய ஒரு சான்றாகலாம். மழை மேகங்களைக் காட்டவே அது அமைக்கப்பட்டது. எனினும் அதனைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கடலும் நிலமும் கூடும் எல்லை திரையில் மங்கலாகத் தெரியும். அம்மங்கலான கோட்டைக் கண்டு இது இன்ன கரை எனத் தீர்மானிப்பது அனுபவத்தைப் பொறுத்தது. எதிர்பார்க்கும் கரையையே கண் காண விரும்பும். தோணியிலிருந்து ஒற்றை விளக்கைக் காண்பவன் அது தன் ஊர் விளக்கே என்று நம்ப விரும்புவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்த வேண்டிய இரண்டு சான்றுகள், இரண்டுமே ஐயத்திற்கு இடமளித்தபோது திருத்தமும் இல்லாமற் போயிற்று.

தரையிலிருந்து அனுமதி அளித்தோர் விமானத்தைக் கண்ணாற் காணவில்லை. விமானம் சொன்ன தூரத்தையே நம்பினர். விமானத்திலிருந்தோர், இறங்க அனுமதி கிடைத்தமையால் இறங்குவது பாதுகாப்பானதே என எண்ணியிருத்தல் கூடும். ஒருவர் அறிவை மற்றவர் ஆதாரமாகக் கொள்ளும்போது, இருவர் கையிலும் ஆதாரம் இல்லாமற் போவதுண்டு. இது மஸ்கெலியா மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் கம்பனியின் விமானமொன்று வாஷிங்டன் நகரை அணுகும்போது மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அங்கே மேகம் மலையை மறைத்திருந்தது. அணுகுவதற்குக் கிடைத்த அனுமதியின் பொருளை விமானிகள் ஒருவிதமாகவும் தரையிலிருந்தோர் வேறுவிதமாகவும் கொண்டிருந்தனர் என்பது அவ்விசாரணையில் வெளியாயிற்று.

இரண்டு கண்டங்களில், நான்கு நாட்களுக்குள், 283 உயிர்கள் ஒரே வகைப் பிழையால் அழிந்தன. ஆனால் இப்பிழைக்கு மாற்று அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. டொன் பேட்மன் என்னும் கனடா நாட்டுப் பொறியியலாளர், தரையை நெருங்கும் விமானத்தை எச்சரிக்கும் கருவியொன்றை 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியிருந்தார். விமானத்தின் அடியிலுள்ள வானொலி உயரமானி தரைக்கும் விமானத்திற்கும் இடையிலுள்ள உண்மையான உயரத்தை அளக்கும். தரை மிக விரைவாக மேலெழுந்து வருவதாகக் கண்டால் கருவி உரத்த ஒலியெழுப்பி, மேலே எழும்புமாறு விமானிக்குச் சொல்லும். வேர்ஜீனியா விபத்தின் பின்னர் அமெரிக்க அரசு, பெரிய பிரயாணி விமானங்கள் யாவும் இக்கருவியைப் பூண வேண்டும் எனக் கட்டளையிட்டது. பிற நாடுகளும் பின்னர் அவ்வழியிற் சென்றன. 1990களில் உலக நிலப்பரப்பின் உயரங்கள் யாவற்றையும் நினைவிற் கொண்ட புதிய கருவி வந்தது. மலை எதிர்ப்படுமுன்பே அது மலையைச் சொல்லிவிடும். முன்னர் ஆண்டுதோறும் பல நூறு உயிர்களைக் கொண்ட இவ்வகை விபத்து, இன்று பெரிய பிரயாணி விமானங்களில் அரிதாகிவிட்டது.

கட்டுநாயக்கவோ மற்றுமொரு முறை சோதனைக்கு உள்ளாயிற்று. 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து சூரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளின் விமானம் ஒன்று அங்கே இறங்குகையில், ஓடுபாதைக்கு முன்னுள்ள தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அது ஐஸ்லாந்து நாட்டுக் கம்பனியின் டி.சி. 8 விமானம். அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். கடமையை நிறைவேற்றிய மனநிறைவுடன் வீடு திரும்பியவர்கள் அவர்கள். விமானிகள் உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகள் யாவற்றையும் முறைப்படி ஒப்புநோக்கவில்லை என்றது இலங்கையின் விசாரணை. தரையிலிருந்த வழிகாட்டும் சாதனங்களின் குறைபாட்டைச் சுட்டியது ஐஸ்லாந்தின் தரப்பு.

ஒரே விபத்தைப் பற்றி இரு நாடுகள் இருவேறாகக் கருதியமை விசாரணைக்கு இழுக்கன்று. இரண்டு கருத்துகளும் எழுத்தில் நின்றமையாலேயே, விமானி கருவியைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தையும், தரைச் சாதனம் பழுதின்றிப் பேணப்பட வேண்டும் என்ற பாடத்தையும் உலகம் ஒருங்கே பெற்றது. விசாரணையில் மறைக்கப்படும் கருத்தே தீங்கு செய்யும். மாறுபடும் கருத்து தீங்கு செய்யாது.

இவ்விடத்தில் இறை நம்பிக்கையுடைய ஒருவர் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றக்கூடும். மரணத்தின் நேரம் முன்பே விதிக்கப்பட்டதாயின், காரணத்தைத் துருவித் துருவி ஆராய்வதால் பயன் என்ன? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டுதல் தவக்குல் ஆகாது என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்கள். இறந்தவருக்காகப் பிரார்த்திப்பது ஒரு கடமை. இனி இறக்கவிருப்பவரைக் காக்க முயல்வது மற்றொரு கடமை. முன்னது நெஞ்சுக்கு ஆறுதல் தருவது. பின்னது கணக்கும் பொறுமையும் நேர்மையும் வேண்டுவது. விபத்து விசாரணை இரண்டாவது கடமையைச் சேர்ந்தது.

விசாரணையின் அருமையைக் கல்முனை மக்கள் பிறர் துயரின் வாயிலாக மட்டும் அறிந்தவர்களல்லர். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி காலை, கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் பறந்த விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று, கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில் ஊரகந்த மலையில் வீழ்ந்தது. அமைச்சரும், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவரும், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் எழக் காரணராயிருந்தவருமான எம்.எச்.எம். அஷ்ரப் அதில் உயிர் நீத்தார். உடன் சென்ற 14 பேரும் மாண்டனர். இக்கரையோரத்தின் ஒவ்வோர் ஊரிலும் துயரம் வீட்டுக்கு வீடு புகுந்தது. காரணத்தை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் கடந்தும் ஒலித்தது.

அக்கோரிக்கையில் அரசியலினும் ஆழமானதொரு நியாயம் உண்டு. காரணம் தெரியாத மரணத்தைச் சுற்றி வதந்தி முளைக்கும். ஒருவர் யந்திரத்தைக் குறை கூறுவார். ஒருவர் மேகத்தைக் குறை கூறுவார். மற்றொருவர் மனிதர்களைச் சந்தேகிப்பார். அவற்றுள் உண்மை எது, பொய் எது எனப் பிரித்துக்காட்ட வல்லது ஆதாரங்களுடன் எழுதப்பட்டு, யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்ட அறிக்கையே. அறிக்கை பெட்டிக்குள் இருக்கும்வரை விசாரணை முடிந்ததாகாது. ஏழு கன்னியர் மலை விபத்தின் முடிவை இன்றும் எவரும் படித்தறியலாம். அதனாலேயே டொப்ளர் கருவியின் குறையும், ஒற்றைச் சான்றை நம்புவதன் ஆபத்தும் உலகத்து விமானிகளின் பாடமாயின. அறிக்கை வெளிவராதிருந்தால் அந்த 191 மரணங்களும் துயரமாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இன்று ஹஜ்ஜுக் காலத்தில் பல நூறாயிரம் யாத்திரிகர்கள் இரவிலும் பகலிலும் இந்து சமுத்திரத்தின் மேலாகப் பறக்கின்றனர். கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் கட்டுநாயக்க வரை தரைவழியே சென்று, அங்கிருந்து விமானமேறும் ஹாஜிமாரும் அவர்களுள் அடங்குவர். விண்ணிலுள்ள செய்மதிகள் இன்று விமானம் நிற்கும் இடத்தைச் சில அடிப் பிழைக்குள் காட்டுகின்றன. இருளில் மறைந்திருக்கும் மலையை விமானியின் திரை வண்ணந்தீட்டிக் காட்டுகின்றது. இவற்றுள் எதுவும் விலையின்றிக் கிடைத்ததன்று. நாக்பூர் ஓடுபாதைக்கு அப்பாலும், வேர்ஜீனியா மலையிலும், கட்டுநாயக்கத் தென்னந்தோட்டத்திலும், நோட்டன் பிரிட்ஜின் மேலுள்ள சிகரத்திலும் மாண்டவர்கள் அவ்விலையைக் கொடுத்தனர். ஊர் திரும்பாத அந்த யாத்திரிகர்களுக்காகப் பிரார்த்திக்கும்போது, அவர்கள் இறந்த காரணத்தைப் பொறுமையுடன் தேடிக் கண்டு, மறைக்காமல் எழுதி வைத்தவர்களையும் நினைத்தல் தகும்.